பஞ்சு வைக்காத சுவர்

ஒரு காட்டில், அதாவது காடு என்று சொல்லிக்கொள்ள இன்னும் கொஞ்சம் மரம் மிச்சமிருந்த ஓர் இடத்தில், தணிகாசலம் என்ற கரடி தேன் ஆலை நடத்தி வந்தது. தேனைக் காய்ச்சி, வடிகட்டி, சுரைக்குடுக்கையில் அடைத்து, 'கரடி மார்க் அசல் தேன்' என்று சீட்டு ஒட்டி விற்பது அதன் தொழில். சீட்டில் தேனீயின் படம் பெரிதாக இருக்கும். ஆலைக்குள் தேனீ இருக்காது. தேனீக்கள் ஒப்பந்தத் தொழிலாளர்கள்.

உள்ளே வேலை செய்தவை பெரும்பாலும் பறவைகள். மூட்டை தூக்க மட்டும் சில எருமைகள்.

ஆலையின் நடுவே ஒரு பாய்லர் இருந்தது. விறகு போட்டு எரித்து, ஆவி எழுப்பி, அந்த ஆவியால் தேனைச் சூடாக்குவார்கள். பாய்லர் அறையின் பின்சுவர் எப்போதும் இதமான சூட்டோடு இருக்கும். சுவருக்கு வெளியே தண்ணீர்க் குழாய். குழாயிலிருந்து சுவரை ஒட்டியே ஒரு மண் திட்டு. வேலைக்கு வரும் தாய்ப்பறவைகள் தங்கள் முட்டைகளைத் தூக்கி வந்து அந்தத் திட்டில் வரிசையாக வைத்துவிட்டு உள்ளே போகும். ஷிப்ட் முடியும் வரை சுவர் அடைகாக்கும்.

முட்டையை அவ்வப்போது புரட்டிவிடாவிட்டால் குஞ்சு ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும். அதற்கு அங்கே ஒரு வழக்கம் இருந்தது. தண்ணீர் குடிக்க யார் போனாலும், திட்டில் இருக்கிற முட்டைகளை எல்லாம் ஒரு முறை புரட்டிவிட்டுத்தான் திரும்ப வேண்டும். தன் முட்டை, பிறத்தியார் முட்டை என்று பார்க்கக் கூடாது. முட்டையே போடாத எருமைகூட மூக்கால் மெதுவாகப் புரட்டும். ஆலையில் சுவர் நிறைய விதிகள் ஒட்டியிருந்தார்கள். எங்கும் ஒட்டாத இந்த ஒன்றைத்தான் எல்லாரும் கடைப்பிடித்தார்கள்.

தொழிலாளர் சங்கத்தின் வாசலில் சிவப்பு எழுத்தில் ஒரு பலகை தொங்கியது: 'சூட்டுச் சுவர் நாம் போராடிப் பெற்ற உரிமை!' சங்கத்தின் தலைவர் சிங்காரம் என்ற கிழட்டு எருமை. பெரிய வேலைநிறுத்தத்தின்போது தணிகாசலத்தின் அப்பா எப்படி நடுங்கிப்போய்ச் சுவரைக் கொடுத்தார் என்று அது ஆண்டுதோறும் மேடையில் சொல்லும். இளம் பறவைகள் இறக்கை தட்டும். வேலைநிறுத்தம் செய்தால் சுவர் எப்படிச் சூடாகும் என்று ஒருவரும் கேட்டதில்லை. மேடையில் சொல்வதைக் கேள்வி கேட்பது அந்தச் சங்கத்தில் முதலாளியின் வேலை என்று முடிவாகியிருந்தது.

இந்த நிலையில் தணிகாசலம் ஒரு நாள் தொழிலதிபர்கள் சங்கத்தின் விருந்துக்குப் போனது. தோல் வியாபாரம் செய்யும் சிறுத்தை பல் குத்திக்கொண்டே கேட்டது:

"என்ன தணிகாசலம், உங்க ஆலைக்கு இன்னும் எனர்ஜி கன்சல்டன்ட் போடலையா?"

"அது எதுக்குய்யா?"

"கரண்டு, விறகு எல்லாத்தையும் மிச்சம் பண்ணிக் குடுப்பான். அதை விடுங்க. இன்னைக்கு இந்தப் பந்தியில கன்சல்டன்ட் இல்லாத ஆளு நீங்க ஒருத்தர்தான்."

கரடிக்கு அதற்குமேல் பாயசம் இறங்கவில்லை. மறுநாளே ஆலை வாசலில் அறிவிப்பு வைத்தது: எரிசக்தி ஆலோசகர் தேவை.

சங்கம் கொதித்தது. 'ஆலோசகர் என்றால் ஆட்குறைப்பு!' என்று சிங்காரம் முழங்கியது. வாசல் கூட்டம், கறுப்பு இலை அணிதல், அரைநாள் வெளிநடப்பு எல்லாம் நடந்தன. கடைசியில் சங்கம் ஒரு கோரிக்கை வைத்தது. ஆலோசகர் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவரைத் தேர்ந்தெடுப்பதில் எங்களுக்கும் பங்கு வேண்டும்.

"அவ்வளவுதானா? எடுத்துக்கோங்க" என்றது கரடி.

முதலாளி யோசிக்காமல் ஒப்புக்கொள்கிற கோரிக்கையைக் கண்டால் தொழிலாளி பயப்பட வேண்டும். சங்கம் பட்டாசு வெடித்தது.

மூவர் குழு அமைந்தது. நிர்வாகத்தின் சார்பில் தணிகாசலம். சங்கத்தின் சார்பில் சிங்காரம். பெண் பிரதிநிதி ஒருவர் இருந்தால் நோட்டீசில் நன்றாக இருக்கும் என்பதால் வடிகட்டும் பிரிவிலிருந்து சீனியம்மா என்ற கவுதாரி. சீனியம்மா அதிகம் பேசாது. அதனால்தான் அதைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆலோசகரை நியமிக்கப் பெரும்பான்மை போதும், ஆனால் யாரையாவது வேலையை விட்டு நீக்க மூவரும் சம்மதிக்க வேண்டும் என்று சங்கம் ஒரு விதியையும் வாதாடி வாங்கியது. தொழிலாளியின் பாதுகாப்புக்காகப் போட்ட விதி அது. கதையின் முடிவில் அதற்கு வேலை இருக்கிறது.

அப்போது சீனியம்மாவின் முட்டைகள் திட்டில் இருந்தன. முந்தைய ஈட்டு முட்டைகளில் மழை அடித்துக்கொண்டு போனது போக மிஞ்சியது ஒன்றுமில்லை. இந்த ஈடாவது பொரிய வேண்டும் என்று அது தினமும் வேலைக்குள் போகும் முன் சுவரை அலகால் தொட்டுப் பார்க்கும். சுவர் சுட்டால் மனது ஆறும்.

நேர்காணலுக்கு மூன்று பேர் வந்தார்கள்.

முதலில் மயில். தோகையை விரித்து, ஒவ்வொரு கண்ணிலும் ஒவ்வொரு படம் காட்டியது. ஆலைக் கூரை முழுக்கச் சூரியத் தகடு பதிக்கலாம், அருவியிலிருந்து வரும் கரண்டே வேண்டாம் என்றது.

"நல்லாத்தான் இருக்கு. மழைக்காலத்துல கரண்டுக்கு என்ன பண்றது?" என்று கரடி கேட்டது.

"மழைக்காலத்துல நான் ஆடுவேன்" என்றது மயில்.

அடுத்து குணசீலன் என்ற நரி. கழுத்தில் டை. கையில் ஒன்றுமில்லை.

"எனக்குச் சம்பளமே வேண்டாம் முதலாளி. மிச்சமாகிறதுல பாதி குடுத்தாப் போதும்."

"மிச்சம் ஆகலேன்னா?"

"ஆகும். எது மிச்சம்னு கணக்குப் போடப்போறது நான்தானே."

கரடி வாய்விட்டுச் சிரித்தது. தன் பாஷை பேசுகிற ஆளைக் கண்ட மகிழ்ச்சி அது. சிங்காரம் மட்டும் சிரிக்காமல் கொம்பை ஆட்டியது. "அருவி மின்சாரக் கம்பெனிக்காரன் முதலைகிட்டயும் நீ கமிஷன் வாங்குறியாமே?"

"வாங்குறேன் ஐயா. கரண்டு விக்கிறவன்கிட்டயும் வாங்குறேன், கரண்டை மிச்சம் பண்றவன்கிட்டயும் வாங்குறேன். நடுநிலைன்னா அதுதானே?"

மூன்றாவதாக இளமாறன் என்ற மரங்கொத்தி வந்தது. சட்டை கசங்கியிருந்தது. தூரத்துக் காட்டில் படித்துப் பட்டம் வாங்கிய பிள்ளை.

சிங்காரம் முன்னால் சாய்ந்து, தனக்குத் தெரிந்த ஒரே நேர்காணல் கேள்வியைக் கேட்டது. "உங்க அம்மா என்ன வேலை?"

"இதே ஆலைதான் தோழர். சீட்டு ஒட்டுற பிரிவுல அங்கம்மா. ரெண்டாவது ஷிப்ட்."

"அங்கம்மா மகனா நீ!" எருமையின் கண் கலங்கியது. "வெளிநடப்புன்னா முதல் ஆளா வெளிய வந்து நிப்பா."

"நானே அந்தச் சூட்டுச் சுவர்லதான் பொரிஞ்சேன் தோழர்."

அதற்குமேல் சிங்காரம் ஒன்றும் கேட்கவில்லை. எரிசக்தியைப் பற்றி ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். இந்த ஆலையில் என்ன செய்வாய் என்று கேட்டிருக்கலாம். உழைப்பவன் வீட்டுப் பிள்ளை என்று தெரிந்த பிறகு அதெல்லாம் அவமரியாதை என்று எருமை நினைத்தது. எந்தக் கருவறையில் பிறந்தாய் என்று கேட்டு ஆளை எடுப்பது பிற்போக்கு. எந்தக் கூட்டில் பொரிந்தாய் என்று கேட்டு எடுப்பது முற்போக்கு. சங்கத்துக்கு இந்த வித்தியாசம் மனப்பாடம்.

வாக்கெடுப்புக்கு முன் ஓர் இடைவேளை விட்டார்கள். சீனியம்மா தண்ணீர் குடிக்கப் பின்பக்கம் போனது. அங்கே நரி குணசீலன் குழாயடியில் நின்றுகொண்டிருந்தது. தண்ணீர் குடித்து முடித்து, வால் நுனியால் ஒவ்வொரு முட்டையாகப் புரட்டிவிட்டுக்கொண்டிருந்தது. அதன் வாயோரம் எச்சில் ஊறியிருந்தது. நரி அதை மறைக்கவில்லை.

"பயப்படாதீங்க அக்கா. ஆசை இருக்கு. ஆனா தொழில் இடத்துல சாப்பிடுறதில்ல."

"என் ஓட்டுக்காக வந்திருந்தா மேடையிலேயே கேட்டிருக்கலாமே."

"மேடையில பேச வேண்டியது பேசிட்டேன். இது உண்மை. அதான் இங்க நிக்கிறேன்." நரி சுவரில் ஒரு தட்டுத் தட்டியது. "இதைக் கட்டின காண்ட்ராக்டர் யாரு தெரியுமா? எங்கப்பா. ரெண்டு சுவர் எழுப்பி, நடுவுல இலவம்பஞ்சு திணிக்கணும். சூடு வெளிய போகக் கூடாதில்ல? அதுக்குத்தான். பஞ்சுக்குக் காசு வாங்கினாரு. பஞ்சும் வாங்கினாரு. சுவருக்குள்ள மட்டும் வைக்கல."

"அப்ப பஞ்சு?"

"எங்க வீட்டு மெத்தையில இருக்கு. நாங்க அண்ணன் தம்பி எல்லாம் அதுல படுத்துத்தான் வளர்ந்தோம். பஞ்சு இருந்ததால நாங்க பிழைச்சோம். பஞ்சு இல்லாததால உங்க பிள்ளைங்க பிழைச்சாங்க. ஒரே பஞ்சுதான் அக்கா."

சீனியம்மா சுவரைப் பார்த்தது. "சங்கம் போராடி வாங்கினதுன்னு..."

"போராட்டத்தை நான் குறை சொல்லமாட்டேன். ஆனா கோரிக்கை வச்சாச் செங்கல் சுடுமா? நான் வந்தேன்னா நாலு பல்பை மாத்துவேன், ரெண்டு ஃபேனை மாத்துவேன், கமிஷனை வாங்கிட்டுப் போயிட்டே இருப்பேன். இந்தச் சுவர் பக்கமே வரமாட்டேன். வந்தா எங்கப்பன் பேரு நாறிடும். வேற எவன் வந்தாலும் முதல்ல இங்கதான் வருவான்."

சீனியம்மா ஓட்டமாக ஓடிச் சிங்காரத்திடம் இதைச் சொன்னது.

"அண்ணே, நரியையே..."

"தோழர்னு சொல்லு சீனியம்மா."

"தோழர், நரியையே போட்டுருவோம். சுவருக்கு அதுதான் நல்லது."

எருமை அதை மேலும் கீழும் பார்த்தது. "நரிக்கு ஓட்டா? சங்கத்துப் பிரதிநிதியா நின்னுக்கிட்டு நரிக்கு ஓட்டா? நாங்க பட்டினி கிடந்து வாங்கின சுவரை ஒரு திருட்டுப்பய எங்கப்பன் போட்ட பிச்சைன்னு சொல்றான், நீயும் கேட்டுட்டு வர்ற. நாளைக்கு உன் குஞ்சுகள் கேட்டா என்ன சொல்லுவ? நரி தயவுல பொரிஞ்சீங்கன்னா?"

"பொரிஞ்சாத்தானே தோழர் கேட்கும்?"

"அங்கம்மா மகன் அந்தச் சுவரிலேயே பொரிஞ்சவன். பொரிஞ்ச இடத்துக்குத் தீங்கு செய்வானா?"

இந்த ஒரு வார்த்தைதான் சீனியம்மாவைச் சாய்த்தது. அந்தத் திட்டில் கிடந்தபோது இளமாறனின் முட்டையைத் தானே எத்தனையோ முறை புரட்டியது அதற்கு நினைவு வந்தது.

வாக்கெடுப்பில் கரடி நரிக்குக் கை தூக்கியது. எருமை மரங்கொத்திக்குக் கால் தூக்கியது. சீனியம்மா கண்ணை மூடிக்கொண்டு மரங்கொத்திக்கு இறக்கை தூக்கியது. சங்கம் மறுபடியும் பட்டாசு வெடித்தது.

இளமாறன் மறுநாளே வேலையைத் தொடங்கியது. இங்கேதான் விஷயம் கெட்டது. ஆலோசகர் என்றால் அறையில் உட்கார்ந்து காபி குடிப்பார் என்று எல்லாரும் நினைத்திருக்க, இது ஆலை முழுக்க நடந்தது. மோட்டாரில் காது வைத்துக் கேட்டது. குழாய்களை முகர்ந்தது. கரடியின் குளிர்சாதன அறை வீணாக ஓடுகிறது என்று கரடியின் முகத்துக்கு நேரே சொன்னது. கடைசியில் பின்சுவருக்கு வந்து அலகால் தட்டியது.

டொக்.

இன்னொரு இடத்தில் தட்டியது. டொக். மரங்கொத்திக்கு இதைவிட நன்றாகத் தெரிந்த சத்தம் உலகத்தில் இல்லை. உள்ளே ஒன்றுமில்லை.

சீனியம்மா குழாயடியிலிருந்து ஓடி வந்தது. "மாறா, அதை விட்டுரு."

"அத்தை, ஆலையோட சூட்டுல பெரிய பங்கு இந்த வழியாத்தான் வெளிய போகுது. எவ்வளவு மரம் வீணா எரியுது தெரியுமா? என் சாதிசனம் கூடு கட்டுற மரம் அத்தை."

"வெளிய போகல மாறா. இங்கதான் இருக்கு. பாரு." அது முட்டைகளைக் காட்டியது. "நீயும் இந்தச் சூட்டுல வந்தவன்."

மரங்கொத்தி முட்டைகளைப் பார்த்தது. பிறகு, "பொய் எழுதத் தெரியாது அத்தை. ஆனா ஒண்ணு பண்றேன். சுவருக்குப் பஞ்சு வைங்க, மிச்சமாகிற காசுல தாய்மாருக்கு அடைகாக்கிற அறை ஒண்ணு கட்டிக் குடுங்கன்னு எழுதுறேன். சுவரைவிட அது நல்லது. நியாயமும்கூட" என்றது.

அது அப்படியே எழுதியது. யோக்கியமான பிள்ளை. கரடி படித்துவிட்டு, "முதல் பாதி பிரமாதம். உடனே செய்யலாம். ரெண்டாவது பாதியைப் பரிசீலிக்கலாம்" என்றது. அந்த ஆலையில் பரிசீலனைக்குப் போனது எதுவும் உயிரோடு திரும்பியதில்லை.

சங்கம் என்ன செய்தது என்று கேட்பீர்கள். ஆலோசகர் சங்கம் தேர்ந்தெடுத்த ஆள். அவர் அறிக்கையை எதிர்த்தால் சங்கம் தன்னையே எதிர்ப்பதாகும். சிங்காரம் யோசித்து, வாசலில் தொடர் உண்ணாவிரதம் என்று அறிவித்தது. எதை எதிர்த்து என்று நோட்டீசில் போடவில்லை. எருமைகள் முறைவைத்து, ஒரு வேளை சாப்பாட்டுக்கும் அடுத்த வேளைச் சாப்பாட்டுக்கும் இடையில் உண்ணாவிரதம் இருந்தன.

சுவருக்குப் பஞ்சு திணிக்க டெண்டர் விட்டார்கள். எல்லாரையும்விடக் குறைவாகக் கேட்டது குணசீலன். "இந்தச் சுவரைக் கட்டினதே எங்க குடும்பம் முதலாளி" என்று உருக்கமாகச் சொல்லி வேலையை வாங்கிக்கொண்டது. பஞ்சு மூட்டைகள் ஆலைக்குள் வந்து இறங்கின. தாய்ப்பறவைகள் மூட்டைகளைப் பார்த்தன, முட்டைகளைப் பார்த்தன. சில வேலையை விட்டுவிட்டு முட்டைகளோடு வீட்டுக்குப் போய்விட்டன. சீனியம்மாவால் அது முடியாது. வேலையை விட்டால் பொரிகிற குஞ்சுக்கு இரை கிடையாது; வேலைக்கு வந்தால் குஞ்சே கிடையாது.

அது நேராக நரியிடம் போய் நின்றது.

"தம்பி."

"ஓட்டு மரங்கொத்திக்குன்னு கேள்விப்பட்டேன்" என்றது நரி, மூட்டைகளை எண்ணிக்கொண்டே.

"தப்பு பண்ணிட்டேன். ஒரு உதவி வேணும். உங்கப்பா செஞ்ச மாதிரியே செஞ்சுருங்க."

நரி திரும்பிப் பார்த்து, வயிறு குலுங்கச் சிரித்தது. "அக்கா, எங்க குடும்பத் தொழிலை எனக்கே சொல்லிக் குடுக்கிறீங்களா? என் பிள்ளைங்களுக்கும் மெத்தை வேணாமா?" சிரிப்பை நிறுத்தியது. "ஆனா நீங்க கேட்டு நான் செஞ்சதா இருக்கட்டும். ஒரு நாள் உங்க இறக்கை எனக்குத் தேவைப்படும். அப்பக் கண்ணை மூடாமத் தூக்கணும்."

ஒரு நாள் பாய்லரை நிறுத்தினார்கள். தாய்கள் சம்பளமில்லா விடுப்பு எடுத்துத் திட்டிலேயே உட்கார்ந்து தங்கள் உடம்பால் அடைகாத்தன. நரியின் ஆட்கள் சுவரை ஓரிடத்தில் உடைத்து, உள்ளே எட்டிப் பார்த்து, மறுபடி பூசி, வெள்ளை அடித்தார்கள். மூட்டைகள் வந்த வண்டியிலேயே திரும்பிப் போயின. மறுநாள் பாய்லர் எரிந்தது. சீனியம்மா அலகால் சுவரைத் தொட்டது. சுட்டது.

அடுத்து வந்த நாட்களில் அந்த ஆலையைப் போல மகிழ்ச்சியான இடம் காட்டில் இல்லை. பஞ்சுக்கு ரசீது இருந்ததால் தணிகாசலத்துக்குத் தொழிலதிபர்கள் சங்கம் பசுமை விருது கொடுத்தது. கேடயத்தைச் சிறுத்தையின் கையாலேயே வாங்கியது கரடிக்குக் கூடுதல் இனிப்பு. "விறகு குறையலையே?" என்று ஒருமுறை கேட்டதற்கு, "விறகு கூடுற வேகம் குறைஞ்சிருக்கு முதலாளி" என்று குணசீலன் விளக்கியது. சுவர் இன்னும் சுடுவதைக் கண்ட சிங்காரம், உண்ணாவிரதத்துக்குப் பயந்து நிர்வாகம் ரகசியமாகப் பின்வாங்கிவிட்டது என்று அறிவித்து, பலகையை மாற்றி எழுதியது: 'போராடிப் பெற்று, போராடி மீட்ட சுவர்!' ஒரே சுவர். முதலாளிக்கு அது பஞ்சு வைத்த சுவர். சங்கத்துக்கு அது பஞ்சு வைக்க விடாத சுவர். கரடி ஒரு முறை தொட்டுப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். ஆனால் முதலாளிகள் ஆலையின் பின்பக்கம் போவதில்லை. தலைவர்கள் தொட்டுப் பார்ப்பார்கள். யோசிக்க மாட்டார்கள்.

வேலை சரியாக முடிந்ததா என்று பார்க்க வேண்டியது ஆலோசகரின் கடமை. இளமாறன் ஒரு காலை வந்து சுவரைத் தட்டியது.

டொக்.

அது நேராகக் கரடியிடம் போய், "பஞ்சு வைக்கல. உங்களை ஏமாத்திட்டாங்க" என்றது. கரடி தலைக்குமேல் மாட்டியிருந்த கேடயத்தைப் பார்த்தது. பிறகு மரங்கொத்தி சங்கத்திடம் போய், "சுவர்ல எப்பவுமே பஞ்சு இருந்ததில்ல தோழர். அதான் சூடு" என்றது. சிங்காரம் வாசலில் தொங்கிய பலகையைப் பார்த்தது. அன்று மாலைக்குள் மூவர் குழு கூடியது. ஆலைக்கு அவப்பெயர் உண்டாக்கியது, தொழிலாளர் வரலாற்றைக் கொச்சைப்படுத்தியது என்று இரண்டு குற்றச்சாட்டுகள். நிர்வாகமும் சங்கமும் ஒரே தாளில் கையெழுத்துப் போட்டது அந்த ஆலையில் அதுதான் முதல் தடவை.

கரடி கை தூக்கியது.

எருமை கொஞ்சம் தயங்கியது. "அங்கம்மா மகன்தான். ஆனா வழி தவறிப்போயிட்டான்" என்று முணுமுணுத்து, கால் தூக்கியது.

ஆளை நீக்க மூவரும் சம்மதிக்க வேண்டும் என்பது விதி. எல்லாரும் சீனியம்மாவைப் பார்த்தார்கள். ஜன்னலுக்கு வெளியே குணசீலன் நின்று, அவசரமில்லாமல் டையைச் சரிசெய்துகொண்டிருந்தது.

இளமாறன் கவுதாரியின் பக்கம் திரும்பியது. "அத்தை, முதலாளி பின்பக்கம் போறதில்ல, தலைவர் வாய் திறக்கமாட்டார். நீங்க தினமும் போறீங்க. நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும். சுவர் சுடுதா, இல்லையா?"

சுடுகிறது என்றால் நரி மாட்டும். நரி மாட்டினால் பஞ்சு வரும். சீனியம்மா தரையைப் பார்த்தது.

"எனக்குத் தெரியாது மாறா. நான் ரொம்ப நாளா அந்தப் பக்கம் போகல."

அப்போது கதவிடுக்கு வழியாகக் கவுதாரிக் குஞ்சு ஒன்று தத்தித் தத்தி உள்ளே வந்தது. தலையில் பாதி முட்டை ஓடு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. ஈரம் காயவில்லை. அது நேராகச் சீனியம்மாவின் காலடியில் போய் நின்று கீச்சென்று கத்தியது. கரடி விட்டத்தைப் பார்த்தது. எருமை தன் குளம்பைப் பார்த்தது. குஞ்சை ஒருவரும் பார்க்கவில்லை.

சீனியம்மா ஓர் இறக்கையால் குஞ்சை அணைத்துக்கொண்டது. கண்ணை மூடாமல் மற்ற இறக்கையைத் தூக்கியது.

இளமாறன் தன் பையை எடுத்துக்கொண்டு பின்பக்கமாக வெளியேறியது. குழாயடியில் நின்று தண்ணீர் குடித்தது. போகத் திரும்பியது. பிறகு வழக்கம் நினைவுக்கு வந்து, பையைக் கீழே வைத்துவிட்டு, திட்டில் மிச்சமிருந்த முட்டைகளை ஒன்று விடாமல் அலகால் மெதுவாகப் புரட்டிவிட்டுப் போனது.

காலியான பதவிக்குக் குணசீலன் வந்தது. சுவரைத் தட்டாத ஆள் போதும் என்று சிங்காரமும் கால் தூக்கியதால், இந்த முறை தேர்வு ஏகமனதாக நடந்தது. அது பல்புகளை மாற்றியது, ஃபேன்களை மாற்றியது, பின்சுவர்ப் பக்கம் போகவே இல்லை. திட்டு நிறையக் குஞ்சுகள் பொரிந்தன. அவை வளர்ந்து, சங்கத்தில் சேர்ந்து, பலகையைப் பார்த்து இறக்கை தட்டின.

நீதி: உங்கள் ஆலைக்கு எரிசக்தி ஆலோசகரைத் தேர்ந்தெடுக்கும் முன், அது யாருடைய திருட்டினால் சூடாக இருக்கிறது என்று விசாரியுங்கள். விசாரித்தபின் அந்தத் திருடனின் மகனையே நியமியுங்கள். உங்கள் சொந்தப் பிள்ளையை மட்டும் நியமித்துவிடாதீர்கள். அவன் வேலை செய்துவிடுவான்.